ஆயிர ஆண்டரசும் பாதிரிமார் தொண்டும்

உலகம் ஒடுங்குதலும் மீளத் தோன்றுதலும் ஊழிதோறும் நிகழும் என்பது சைவநூல்களின் துணிபு. கிறித்துவ சமயத்தார்க்கோ தோற்றமும் ஒன்றே; முடிவும் ஒன்றே. அம்முடிவிற் கிறிஸ்து மீண்டும் வந்து நியாயத்தீர்ப்பு வழங்குவர் என்பது அவர்தம் பொது நம்பிக்கை. இந்நம்பிக்கை 19ஆம் நூற்றாண்டுப் பாதிரிமாரின் தொண்டினை எங்ஙனம் உருவாக்கிற்று என்பது ஆராயற்பாலது.

விவிலியத்தின் இறுதி நூலாகிய வெளிப்படுத்தின விசேஷம், தன் 20ஆம் அதிகாரத்திற் கிறிஸ்துவின் ஆயிர ஆண்டு அரசாட்சியைக் கூறுகின்றது. 5ஆம் நூற்றாண்டில் அகஸ்தீன் என்பார், திருச்சபை நடைபெறுங் காலத்தையே அது உருவகமாகக் குறிக்கும் என்றனர். மேலைத் திருச்சபையில் நெடுங்காலம் அக்கருத்தே மேலோங்கி நின்றது. பிற்காலத்துப் புரொட்டஸ்டண்டு மதத்தாருட் பலர், அஃது இனி வரக்கடவதொரு பொற்காலம் எனக் கொண்டு இருதிறப்பட்டனர். அக்காலம் கழிந்த பின்னரே கிறிஸ்து வருவர் என்றனர் ஒரு சாரார். அதற்கு முன்னரே வருவர் என்றனர் மற்றொரு சாரார். முன், பின் என்னும் இவ்வேற்றுமை சிறிதெனத் தோன்றும்; அதன் பயனோ பெரிது. முதற்சாரார்க்கு உலகம் சுவிசேஷத்தால் மெல்லமெல்லத் திருந்துவது. மற்றையோர்க்கு அது நாளுக்குநாட் கேடுற்று அழிவை நோக்கிச் செல்வது.

முதற்கொள்கையை வலியுறுத்தினோருட் சிறந்தவர் அமெரிக்கராகிய ஜோனதன் எட்வர்ட்ஸ். உலகெங்கும் சுவிசேஷம் பரவும்பொருட்டு யாவரும் ஒருங்குகூடி வேண்டுதல் செய்க என 1747இல் அவர் எழுதிய நூல், 1789இல் இங்கிலாந்திற் பாப்டிஸ்டு சபையாரால் மீண்டும் பதிக்கப்பட்டது. செம்மார் தொழில் பயின்று போதகரான வில்லியம் கேரி அச்சபையினர். அவரது தூண்டுதலால் 1792இல் பாப்டிஸ்டு மிஷன் சங்கம் தோன்றியது. மறு ஆண்டில் அவர் வங்காளம் போந்தனர். எட்வர்ட்ஸின் மாணாக்கராகிய சாமுவேல் ஹாப்கின்ஸ், ஆயிர ஆண்டரசைப் பற்றித் தனிநூலொன்று 1793இல் வெளியிட்டனர். அவர் வழிவந்த கருத்துக்களிற் பயின்றோரே 1810இல் அமெரிக்க மிஷன் சங்கத்தைத் தோற்றுவித்தவருட் பலர்.

அச்சங்கத்தார் 1816இல் யாழ்ப்பாணம் அடைந்தனர். உலகம் படிப்படியாகத் திருந்தும் எனக் கருதுவார், பல தலைமுறைக்குப் பயன்தரும் நிலையங்களை அமைத்தல் இயல்பு. ஆகலின் 1823இல் வட்டுக்கோட்டையில் உயர்கலாசாலை எழுந்தது. அச்சகமும் மருத்துவ நிலையமும் எழுந்தன. ஆயினும் விளைவு விதைத்தோர் எண்ணியவாறே அமைந்திலது. அக்கலாசாலையிற் பயின்ற சி. வை. தாமோதரம் பிள்ளை பிற்காலத்திற் சைவராய் விளங்கி, தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் ஏட்டினின்றும் அச்சேற்றினர். பயின்ற இளைஞர் பலர் போதகராகாது அரசாங்க உத்தியோகங்களை நாடுகின்றனர் என்ற குறையும் எழுந்தது. 1855இல் அக்கலாசாலை மூடப்பட்டது.

மற்றைக் கொள்கை வேறொரு வழியிற் சென்றது. அமெரிக்கராகிய வில்லியம் மில்லரைப் பின்பற்றியோர், 1844ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள் கிறிஸ்து வருவர் எனக் காத்திருந்து ஏமாற்றமுற்றனர். எனினும் நாட்குறியாது, எந்நேரமும் அவர் வரக்கூடும் என்னும் கருத்தை ஜான் நெல்சன் டார்பி முதலாயினோர் பரப்பினர். பெயர்பெற்ற பிரசங்கியாராகிய மூடி, இவ்வுலகம் உடைந்த மரக்கலம் போன்றது. தம் கடன் அதனின்று இயன்றவரை உயிர்களை மீட்டலே எனக் கருதினர். மூழ்குங் கலத்திற் பள்ளி கட்டுவார் யார்? 1865இற் சீன உள்நாட்டு மிஷனை நிறுவிய ஹட்சன் டெய்லர், பின்னாளிற் கணக்கொன்று வகுத்தனர்: ஆயிரம் போதகர் ஒவ்வொருவரும் நாளொன்றுக்கு ஐம்பது குடும்பங்கட்கு உபதேசிப்பின், ஆயிரம் நாளிற் சீனத்தின் ஐந்துகோடிக் குடும்பங்களும் அதனைக் கேட்டுவிடும் என்பது அக்கணக்கு. எல்லாச் சாதியார்க்கும் சுவிசேஷம் சாற்றப்பட்ட பின்னரே முடிவு வரும் என மத்தேயு நூலின் 24ஆம் அதிகாரம் கூறுதலின், விரைந்து சாற்றுதலே அவ்வருகையை விரைவிக்கும் எனக் கருதினாரும் உளர்.

1910இல் எடின்பரோவிற் கூடிய மிஷன் மாநாட்டில் ஏறத்தாழ 1200 பிரதிநிதிகள் கலந்துகொண்டனர். இருதிறத்தார் ஊக்கமும் ஆண்டு ஒருங்கே விளங்கிற்று. நான்கு ஆண்டு கழிந்த சின்னாளிற் கிறித்துவ நாடுகளே ஒன்றையொன்று எதிர்த்துப் பெரும்போர் தொடங்கின. உலகம் தானே திருந்திவருகின்றது என்ற நம்பிக்கை அதனாற் பெரிதுந் தளர்ந்தது; முடிவு அணித்தென்பார் கொள்கை பின்னும் வலியுற்றது.

பாதிரிமார் யாவரும் இவ்விரண்டனுள் அடங்குவர் என்றல் பொருந்தாது. விரைவை விரும்பினோரும் பள்ளிகள் நடத்தியதுண்டு; யுகமுடிவைப் பற்றி வாளாதிருந்தோரும் பலர். எனினும், ஒரே நூலை ஓதிய இருவருள் ஒருவர் கல்விச்சாலை கட்டவும், மற்றொருவர் ஊர்தோறும் விரைந்து செல்லவும் நேர்ந்தமைக்குக் காலத்தைப் பற்றி அவர்கொண்ட கருத்தும் ஒரு காரணமாயிற்று. ஆதலின், பிற சமயத்தார் செயலை ஆராயப் புகுவார், அவர் எம்முடிவை எதிர்நோக்கி அது செய்தனர் என்பதை முன்னர் உணர்தல் வேண்டும். அஃதுணராது புகழினும் இகழினும் அவ்வாராய்ச்சி நிரம்பாது.