கங்கைக் கரையில் ஒரு தெளிநீர்க் குளம்

தமிழகத்தை விட்டு வடபுலத்து நகரங்களில் குடியேறி வாழும் நம்மவருள் சிலர், வீட்டுப் புழக்கடையில் சிறு குளம் ஒன்று வெட்டி அல்லியும் தாமரையும் வளர்க்க விழைகின்றனர். முதற் பெருமழையிலேயே அவ்விருப்பத்திற்குச் சோதனை வந்துவிடுகிறது. ஓடிவரும் நீர் சேற்றையும் சருகையும் சுமந்து வந்து குளத்தைக் கலக்குகிறது. மிஞ்சிய நீரோ போக்கிடமின்றிச் சுவரோரம் தேங்குகிறது. வரும் நீரைத் தெளிவிப்பது எங்ஙனம்? மிகுந்த நீரைப் போக்குவது எங்ஙனம்? இவ்விரு வினாக்களுக்கும் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னரே கங்கைக் கரையில் ஓர் ஊரார் விடை கண்டிருந்தனர்.

அவ்வூர் சிருங்கவேரபுரம். இன்று பிரயாக்ராஜ் எனப்படும் அலகாபாத்திற்கு வடமேற்கே ஏறக்குறைய 35 கிலோமீட்டர் தொலைவில், கங்கையின் இடக்கரையில் அமைந்துள்ளது. கம்பராமாயணம் கற்றோர்க்கு அது புதிய ஊர் அன்று. குகனது பதியாகக் கம்பர் பாடிய சிருங்கிபேரம் இதுவே என்பது மரபு. இங்கு 1977 முதல் 1986 வரை தொல்லியல் அறிஞர் பி. பி. லால் தலைமையில் அகழாய்வு நிகழ்ந்தது. அப்போது, 250 மீட்டருக்கும் மேல் நீண்ட செங்கற் குளத் தொகுதி ஒன்று மண்ணுக்கடியிலிருந்து வெளிப்பட்டது. அது கி.மு. முதல் நூற்றாண்டைச் சார்ந்தது என்பது ஆய்வாளர் முடிபு.

கங்கை அருகிருக்கக் குளம் எதற்கு என்று கேட்கத் தோன்றும். கார்காலத்துக் கங்கை கரைபுரண்டு ஓடினும் அந்நீர் வண்டல் நிறைந்தது. வேனிலிலோ ஆறு இளைத்து, கரைக்குக் கீழே வெகுவாக இறங்கிவிடும். ஆகவே பெருகும் காலத்து நீரைப் பிடித்து, தெளிவித்து, வறண்ட காலத்திற்குச் சேமித்தல் வேண்டும். அதனை அவ்வூரார் செய்த முறை வியப்பிற்குரியது.

வெள்ளக் காலத்தில் கங்கை நீர் அருகிருந்த ஓடை ஒன்றினுள் ஏறும். அங்கிருந்து 11 மீட்டர் அகலமும் 5 மீட்டர் ஆழமும் உடைய கால்வாய் வழியே அது ஒரு படிவுத் தொட்டியை அடையும். விரைந்து ஓடும் நீரே மண்ணைச் சுமக்க வல்லது. அகன்ற இடத்தில் ஓட்டம் தளர்ந்ததும் மணலும் வண்டலும் அடியில் தங்கிவிடுகின்றன. இவ்வாறு ஓரளவு தெளிந்த நீர் செங்கல் கட்டிய முதற்குளத்தில் புகும். அதனினும் தெளிந்த நீர், படிகள் அமைந்த வாயில் வழியே இரண்டாம் குளத்தில் இறங்கும். ஊருக்கு நீர் வழங்கியது முதன்மையாக இக்குளமே. அதனையடுத்து வட்ட வடிவான மூன்றாம் குளம் ஒன்றும் அழகிய படிக்கட்டுகளோடு விளங்கியது.

மிகைநீரையும் அவர்கள் மறந்தாரல்லர். நம் ஏரிகளுக்குக் கலிங்கல் இருப்பதுபோல, அங்கும் இறுதியில் ஏழு வடிகால்கள் கொண்ட கலிங்கல் ஒன்று அமைந்திருந்தது. நிரம்பி வழிந்த நீர் அதன் வழியே மீண்டும் கங்கையையே சென்றடைந்தது.

நம் புழக்கடைக் குளத்திற்கும் இம்முறை முற்றிலும் பொருந்தும். மழைநீரை நேரே குளத்தில் விடாது, முன்னே சிறு தொட்டி ஒன்று கட்டி அதில் தங்கச் செய்தல் வேண்டும். அங்கே மண் படிந்தபின், கூழாங்கல்லும் மணலும் பரப்பிய இரண்டாம் தொட்டியின் வழியே கசியவிட்டால் நுண்ணிய தூசும் பெரும்பாலும் நின்றுவிடும். குளக்கரையின் மட்டத்திற்குச் சற்றுத் தாழ்வாக ஒரு வழிவாய் வைத்து, மிகைநீரை வாழைப் பாத்திக்குத் திருப்பிவிடலாம். இங்ஙனம் தெளிந்த நீர் மலர்ச்செடிகளுக்கு ஏற்றதேயன்றிப் பருகத் தக்கதன்று என்பதை மட்டும் மறத்தலாகாது. கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றும் நீரிலும் நோய்க்கிருமிகள் இருத்தல் கூடும்.

இறுதியாக ஒன்று. படிவுத் தொட்டி தன் தொழிலைச் செவ்வனே செய்யுந்தோறும் வண்டலால் நிரம்பிக்கொண்டே இருக்கும். ஆண்டுதோறும் தூர் வாராவிடின் அதுவே நீர்வழியை அடைத்துவிடும். அரிய அறிவோடு கட்டப்பட்ட சிருங்கவேரபுரத்துக் குளங்களும் கைவிடப்பட்ட பின்னர் மண்மூடி, நெடுங்காலம் மனிதர் கண்ணுக்குப் புலப்படாமற் கிடந்தன. கட்டுவோர் திறமை ஒருமுறை வேண்டப்படுவது. காப்போர் கவனமோ ஒவ்வொரு பருவமும் வேண்டப்படுவது. அடுத்த மழைக்கு முன்னரே மண்வெட்டியை எடுத்துத் தொட்டியைத் தூர் வாரிவைப்போமாக. பிரயாகைக்குச் செல்லும் அன்பர்கள் ஒரு நாளை ஒதுக்கி, சிருங்கவேரபுரத்தையும் கண்டு வருவார்களாக.