தங்கக் கோலும் நான்கு வரியும்

மேலதிக நேரத்தில் எந்த அணி முதலில் கோல் அடிக்கின்றதோ அதற்கே வெற்றி. ஆட்டம் அக்கணமே முடிந்துவிடும். இதனைத் 'தங்கக் கோல்' என்றார்கள். ஆண்களுக்கான உலகக் கிண்ண வரலாற்றில் இவ்விதம் விழுந்தவை நான்கே. 1998 இல் பரகுவேக்கு எதிராகப் பிரான்சின் லோரன் பிளாங் அடித்தது முதலாவது. ஏனைய மூன்றும் 2002 இல். 2004 இல் அவ்விதியே கைவிடப்பட்டது.

1996 ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டத்தில் ஜேர்மனியின் பியர்ஹோஃப் அடித்த தங்கக் கோலை உதைபந்தாட்ட இரசிகர் பலரும் அறிவர். அதற்கு ஓராண்டுக்கு முன்னரே, 1995 ஏப்ரல் தொடக்கத்தில், கொழும்பில் நடந்த தெற்காசியத் தங்கக் கிண்ண இறுதியாட்டத்தில் இலங்கை இந்தியாவை இவ்வாறே 1–0 என வென்றது. அக்கிண்ணம் இலங்கைக்குக் கிட்டியது அந்த ஒரு முறைதான்.

மானிப்பாயில் நாங்கள் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம் அது. கடதாசித் தட்டுப்பாட்டினால் கோடிட்ட கொப்பித் தாளிலும் பத்திரிகை அச்சானது. சண்டைநிறுத்தம் நிலைக்குமா என்பதே எல்லோர் வாயிலும் இருந்த கேள்வி. கிண்ணத்தை யார் வென்றாலென்ன? நான் அதற்கு ஒதுக்கியது நான்கு வரி. இன்றாயின் முன்பக்கத்தில் போட்டிருப்பேன்.

ஏப்ரல் 19 இல் சண்டைநிறுத்தம் முறிந்தது. ஒக்டோபர் 30 இல் வலிகாமமே இடம்பெயர்ந்தபோது மானிப்பாயும் வெறிச்சோடியது. அந்த நான்கு வரி வந்த பிரதியை நான் எடுத்துச் செல்லவில்லை.