வெளிமூச்சு

சைலன்ஸர் என்ற பெயரைக் கேட்டு நான் வெகுகாலம் ஏமாந்திருந்தேன். சத்தத்தை அடக்குவதற்காக வண்டிக்குப் பின்னால் கட்டிவிட்ட தகர உருளை என்று எண்ணம். கார்லோ அபார்த் என்பவருடைய சரித்திரத்தைப் படித்த பிறகுதான், எஞ்சின் மூச்சு விடுவதே அதன் வழியாகத்தான் என்பது மனத்தில் பட்டது.

நம் யோகிகள் மூச்சை உள்ளே இழுப்பதைப் பூரகம் என்றார்கள். வெளியே விடுவதை ரேசகம் என்றார்கள். பூரகத்துக்கு 16 மாத்திரை என்றால் ரேசகத்துக்கு 32. எஞ்சினுக்கும் வெளிமூச்சு முக்கியம். எரிந்த புகை போக வழியில்லாமல் முட்டிக்கொண்டு நின்றால், மிச்சம் உள்ளேயே தங்கிவிடும். அடுத்தபடி வரவேண்டிய காற்றுக்கும் பெட்ரோலுக்கும் இடம் குறையும். சாதாரண சைலன்ஸருக்குள் தடுப்புத் தகடுகள் வைத்துப் புகையை வளைத்து வளைத்து அனுப்பினார்கள். அபார்த், துளையிட்ட குழாயை நேராக வைத்து, சுற்றிலும் கண்ணாடிப் பஞ்சைத் திணித்தார். புகை தாராளமாகப் போயிற்று. சத்தமும் கட்டைக் குரலாக இறங்கிற்று.

அவர் பிறந்தது 1908-இல், வியன்னாவில். மோட்டார் சைக்கிள் பந்தயக்காரர். 1934-இல் சைட்கார் வண்டியில் ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் ரயிலோடு போட்டி போட்டு ஜெயித்தவர். இரண்டாம் உலகப் போருக்குச் சற்று முன்பு யுகோஸ்லாவியாவில் பலத்த விபத்து. பந்தயம் அத்துடன் போயிற்று. போருக்குப் பின் இத்தாலியில் சிஸிடாலியா என்ற பந்தயக் கார்க் கம்பெனியில் சேர்ந்தார். அதுவும் கடனில் மூழ்கிற்று. நாற்பது வயதில், 1949-இல், தம் பெயரிலேயே ஒரு கம்பெனியைத் தொடங்கினார். மேல்நாட்டுக் கணக்கில் அவர் விருச்சிக ராசி. ஆகவே தேளே முத்திரையாயிற்று.

பந்தயக் கார் வைத்திருப்பது யானை வளர்ப்பது மாதிரி. தீனி போட்டு மாளாது. அந்தத் தீனிக்கு வழி செய்தது சைலன்ஸர்தான். போரில் நொடித்துப்போன தேசத்தில் புதிய பந்தயக் கார் வாங்க எத்தனை பேரால் முடியும்? சின்ன ஃபியட் வைத்திருந்த குமாஸ்தாவுக்கும் கடைக்காரருக்கும் ஒரு குழாய் வாங்க முடிந்தது. கையில் இன்னும் கொஞ்சம் பணம் இருந்தால், கார்புரேட்டர் முதலிய சாமான்களையும் சேர்த்து மரப்பெட்டியில் போட்டே விற்றார்.

1957-இல் ஃபியட் 500 வந்தது. 479 ஸி.ஸி., 13 குதிரைச் சக்தி. மணிக்கு 85 கிலோமீட்டர் போகும். ஜனங்கள் முதலில் அதை லட்சியம் செய்யவில்லை. அபார்த் அதன் எஞ்சினைத் திருத்தி, 1958 பிப்ரவரியில் மோன்ஸா மைதானத்தில் இறக்கினார். ஏழு பகல், ஏழு இரவு. ஆட்கள் மாறி மாறி ஓட்டினார்கள். 168 மணி நேரத்தில் 18,186 கிலோமீட்டர். சராசரி வேகம் 108-க்கும் மேல். கேலிக்கு ஆளான வண்டி உலகச் சாதனைகளோடு திரும்பிற்று.

குழாய் ஒன்றே இதைச் சாதித்தது என்றால் பொய். கார்புரேட்டர், அமுக்க விகிதம் எல்லாமே மாறியிருந்தன. வெறும் குழாயை மாற்றினவருக்குக் கிடைத்தது கொஞ்சம் சக்தி, நிறையக் குரல். அதற்கும் ஆசைப்பட்டவர்கள் ஏராளம்: 1962-இல் மட்டும் 2,57,000 குழாய்கள் தயாராயின. 1971-இல் கம்பெனி ஃபியட்டிடம் போயிற்று. 1979-இல் அவர் பிறந்த ஊரிலேயே காலமானார்.

எங்கள் தெருவில் ஒரு பையன் சைலன்ஸரைக் கழற்றிவிட்டு மோட்டார் சைக்கிளில் அலறிக்கொண்டு போகிறான். கூப்பிட்டு இந்தக் கதையைச் சொல்லலாமென்று இரண்டு தடவை வாசலுக்குப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் தெருமுனை திரும்பிவிட்டான்.