கோபாலனின் முதல் பந்து

அமெரிக்கப் பேஸ்பாலில் பந்தெறிபவர் கழகத்திடம் நேரடியாகச் சம்பளம் பெற்ற காலத்தில், சென்னைக் கிரிக்கெட் வீரருக்கு நிறுவன வேலையே சோறு போட்டது. 1909இல் பிறந்த வேகப்பந்து வீச்சாளர் எம்.ஜே. கோபாலனுக்கும், அவரது திறனைக் கண்டறிந்த சி.பி. ஜான்ஸ்டனின் உதவியால் பர்மா ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் வேலை கிடைத்தது. 1934 நவம்பர் 4 அன்று, மாகாண, சமஸ்தான அணிகள் மோதிய ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தைச் சேப்பாக்கத்தில் மைசூருக்கு எதிராக வீசியவர் அவரே, எனினும், சக சென்னை வீரர் ஏ.ஜி. ராம்சிங் இரு இன்னிங்ஸிலும் சேர்த்து 11 விக்கெட்டுகளை வீழ்த்தியதால் அந்த ஆட்டம் ஒரே நாளில் முடிந்துபோனது. ஹாக்கியிலும் இந்தியாவுக்காக ஆடிய கோபாலன், 1936இல் பெர்லின் ஒலிம்பிக்கைத் துறந்து கிரிக்கெட் அணியுடன் இங்கிலாந்து சென்றது தவறான தேர்வென்றே சொல்ல வேண்டும்: ஹாக்கி அணி தங்கம் வென்றது, அவருக்கோ நாடுகளுக்கிடையிலான டெஸ்ட் ஆட்டம் ஒன்றுகூட அப்பயணத்தில் வாய்க்கவில்லை. 1934 ஜனவரியில் கல்கத்தாவில் ஆடியதே அவரது ஒரே டெஸ்ட்.