முகாம் தணிக்கையும் மனவடுவும்: வேலூர்–ஆம்பூர் வட்டாரத்தில் பயிற்சி யாருக்கு?

போர்க்காயம் பட்ட குடும்பங்களுக்கு உதவுவோரைப் பயிற்றுவிப்பது என்றதும் ஆற்றுப்படுத்துநர்களைத்தான் நினைக்கிறோம். மேல்மொணவூர், மின்னூர், சின்னப்பள்ளிக்குப்பம் போன்ற இலங்கைத் தமிழர் முகாம்களைப் பொறுத்தவரை அது தவறான தொடக்கம் என்பது என் வாதம். அங்கே பயிற்சியின் முதல் இருக்கையில், முகாமைக் கவனிக்கும் தனி வருவாய் ஆய்வாளர் உட்கார வேண்டும்.

காரணம், காயத்தின் வயது. 1983, 1990, 1996, 2006 என அலை அலையாக மக்கள் கடல் கடந்தனர். 1990இல் கைக்குழந்தையாக வந்தவர் இன்று பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோர். குண்டுவீச்சு அவருக்குக் கேள்விப்பட்ட செய்தி. குடியுரிமை இல்லாமை அன்றாடம். 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இவர்களுக்கு இடமில்லை. போர் அனுபவத்துக்கும் மனத்துயருக்கும் உள்ள தொடர்பில் பெரும்பகுதி அன்றாட நெருக்கடிகளின் வழியே செயல்படுகிறது என்று 2010இல் மில்லரும் ராஸ்முசனும் வாதிட்டார்கள். அறிகுறிப் பட்டியலைக் கற்பிப்பதோடு நிற்கும் பயிற்சி இந்தப் பகுதியைத் தொடுவதே இல்லை.

முதியோரின் நிலை வேறு. இலங்கையில் ராணுவச் சுற்றிவளைப்பில் வரிசையாக நிறுத்தப்பட்டு, ஆட்களைக் காட்டிக்கொடுக்கும் முகமூடியிட்ட தலையாட்டியின் முன் நடந்து சென்ற ஒருவர், இங்கே அடையாள அட்டையைக் கையில் பிடித்து, முகாமில் ஆள் சரிபார்க்கும் தணிக்கை வரிசையில் நிற்கிறார். தணிக்கைக்கு வராவிட்டால் அரசு தரும் மாதப் பணக்கொடைக்குச் சிக்கல். தொகையின் தேவையை நான் மறுக்கவில்லை. 2021இல் அது குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாயாக உயர்ந்தது நல்ல செய்தி. ஆனால் அதிகாரியின் குரல், காத்திருக்க வைக்கும் நேரம், பிள்ளைகள் எதிரே கேட்கப்படும் கேள்வி ஆகியவை சிகிச்சைக்கு உதவலாம், கெடுக்கவும் செய்யலாம். அதிகாரிகளின் சந்தேகத்துக்கும் இங்கே வரலாறு உண்டு. வேலூர்க் கோட்டையின் திப்பு மகால் சிறப்பு முகாமில் தடுத்து வைக்கப்பட்டிருந்த 43 பேர் 1995 ஆகஸ்டில் சுரங்கம் தோண்டித் தப்பினர்.

மனநல வல்லுநர் அல்லாதோரைப் பயிற்றுவிக்க முன்மாதிரி தேடி வெகுதூரம் போக வேண்டாம். யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், உலகச் சுகாதார நிறுவனமும் ஐ.நா. அகதிகள் ஆணையமும் வெளியிட்ட கையேட்டைத் தழுவித் தமிழ்க் கையேடு உருவாக்கி, ஆசிரியர்கள், சுகாதாரப் பணியாளர்கள் போன்ற அடித்தள ஊழியர்களைப் பயிற்றுவித்தார். தனிமனிதக் காயத்தோடு சமூகமே பட்ட காயத்தையும் பார்க்க வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. வேலூரிலேயே, 1957இல் தொடங்கிய சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையம், நோயாளியோடு குடும்பத்தாரையும் தங்கவைக்கும் மரபை வளர்த்தது. அகதிக் குடும்பத்துக்குப் பொருந்தும் முறைதான். ஆனால் ஷூ கம்பெனியிலோ பெயின்டிங் வேலையிலோ இருப்பவர் உடன் தங்கினால் அத்தனை நாள் கூலியும் போகும். ஆகவே தொழிற்சாலைச் சூப்பர்வைசரும் பயிற்சி வட்டத்துக்குள் வர வேண்டியவர். வகுப்பும் ஞாயிற்றுக்கிழமைதான் நடக்க முடியும். மற்ற நாட்களில் முகாமில் வயதானவர்களே இருப்பார்கள்.

முகாமிலிருந்தே உளவளத்துணையாளர்களை உருவாக்கலாம் என்பது, சா. செ. சந்திரகாசன் 1984இல் நிறுவிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் போன்ற அமைப்புகளின் அனுபவத்துக்கு ஒத்த யோசனை. இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஒட்டி ஒட்டி நிற்கும் வீடுகளில் பக்கத்து வீட்டுக்காரரிடம் யார் மனம் திறப்பார்கள்? மின்னூரில் பயிற்சி பெற்றவர் சின்னப்பள்ளிக்குப்பத்திலும், அங்குள்ளவர் மின்னூரிலும் பணிசெய்தால் இந்தச் சிக்கல் பாதி தீரும். மீதி, உளவளத்துணையாளரின் குறிப்பேட்டில் இருக்கிறது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு மருத்துவப் பணியாளர்களை ரகசியம் காக்கக் கட்டாயப்படுத்துகிறது; முகாம் தன்னார்வலரை அது கட்டுப்படுத்துமா என்பது தெளிவில்லை. அவர் எழுதும் குறிப்பு, முகாம்களைக் கண்காணிக்கும் கியூ பிரிவுப் போலீசாரின் பார்வைக்குப் போகாது என்று மறுவாழ்வுத் துறை எழுத்தில் ஆணையிட்ட பிறகே முதல் வகுப்பைத் தொடங்க வேண்டும்.