யாருடைய மூச்சு கணக்கில் வந்தது?

காற்று மாசு ஆயுளைக் குறைக்கிறது என்று இன்று எல்லோரும் சொல்கிறோம். ஒருவர் எவ்வளவு மாசைச் சுவாசித்தார் என்று எப்படிக் கணக்கிட்டார்கள்? இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு.

ஹார்வர்டு ஆய்வாளர்கள் 1970களில் அமெரிக்காவின் ஆறு ஊர்களில் ஆய்வைத் தொடங்கினார்கள். ஒவ்வோர் ஊரிலும் ஒரு மைய இடத்தில் அளவிடும் கருவி. அதில் பதிவான சராசரிதான் அந்த ஊரில் எல்லோருக்கும். 8,111 பேரை 14 முதல் 16 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 1993இல் முடிவை வெளியிட்டார்கள். மாசு மிகுந்த ஸ்டூபன்வில்லில் இறப்பு விகிதம், மாசு குறைந்த போர்ட்டேஜைவிட 26 சதவீதம் அதிகம். நுண்துகள்களுக்கு அமெரிக்கா 1997இல் வரம்பு விதித்ததற்கு இது முக்கியமான ஆதாரம். தொழிற்சாலைகள் கடுமையாக எதிர்த்தும் நிலைத்து நின்ற ஆய்வு. அதில் எனக்கு மறுப்பில்லை.

ஆனால் அந்த 8,111 பேரும் வெள்ளையர்கள். மேலும், ஊருக்கு ஒரே எண் என்றால் ஆலைச் சுவரை ஒட்டி இருப்பவருக்கும் தோட்டத்து வீட்டில் இருப்பவருக்கும் அதே எண்தான். ஊருக்குள் இருக்கும் பிரிவினை அந்த முறையில் தெரியவே தெரியாது.

1997இல் டேவிட் பிரிக்ஸ் குழுவினர் ஆம்ஸ்டர்டாம், ஹடர்ஸ்ஃபீல்டு, பிராக் நகரங்களில் வேறு வழி பார்த்தார்கள். பல இடங்களில் நைட்ரஜன் டை ஆக்சைடை அளந்து, அருகிலுள்ள சாலைப் போக்குவரத்து, நிலப் பயன்பாடு, உயரம் ஆகியவற்றோடு பொருத்தி, அளக்காத தெருவுக்கும் ஒரு மதிப்பைக் கணித்தார்கள். நகரம் தெருத்தெருவாகப் பிரிந்து தெரியத் தொடங்கியது.

1930களில் அமெரிக்க அரசின் வீட்டுக்கடன் அமைப்பு நகரங்களைத் தரம் பிரித்து வண்ணமிட்டது. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகள் பெரும்பாலும் சிவப்பு, அதாவது டி தரம். 2022இல் வெளிவந்த ஓர் ஆய்வு, 202 நகரங்களின் அந்த வரைபடங்களை 2010ஆம் ஆண்டின் மாசுக் கணிப்போடு ஒப்பிட்டது. பச்சைப் பகுதிகளைவிடச் சிவப்புப் பகுதிகளில் நைட்ரஜன் டை ஆக்சைடு 50 சதவீதத்துக்கும் மேல் அதிகம். எண்பது ஆண்டுகளுக்குப் பிறகும்!

நம் ஊர்களில் அப்படி யாரும் வண்ணமிடவில்லை. எல்லோருக்கும் தெரிந்த கோடு, தாளில் தேவைப்படவில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பட்டியல் சாதியினரின் எண்ணிக்கையை நகரங்களில் வார்டுவாரியாகத் தருகிறது. ஒப்பிட்டுப் பார்க்க விரும்பும் மாணவர்கள் அங்கிருந்து தொடங்கலாம். ஆனால் ஒரே வார்டுக்குள் காலனியும் இருக்கும், ஊர்த்தெருவும் இருக்கும். வார்டுக்கு ஒரு சராசரி போட்டால், ஸ்டூபன்வில்லின் ஒற்றைக் கருவிக்கே திரும்பிவிடுவோம்.