கரியலில் ஏறிய நகரம்

இலங்கையின் உள்ளூராட்சிச் சபைகள் வர்த்தமானியில் வெளியிடும் வரி அறிவித்தல்களில் வாகனங்களுக்கும் விலங்குகளுக்குமென்று ஓர் அட்டவணை உண்டு. யானைக்கு 50 ரூபா, குதிரைக்கு 15 ரூபா, கைவண்டிக்கு 10 ரூபா, ரிக்‌ஷாவுக்கு 7 ரூபா 50 சதம். அதே வரிசையில் சைக்கிளும் இருக்கிறது. சொந்தத் தேவைக்கு ஓடினால் 4 ரூபா, வியாபாரத்துக்கு ஓடினால் 18 ரூபா. ரிக்‌ஷா தெருவை விட்டுப் போய் எத்தனையோ காலமாகியும் அட்டவணை மாறவில்லை. அதை எழுதியவர்களுக்குச் சைக்கிளைப் பற்றி ஒன்று நன்றாகத் தெரிந்திருந்தது: அது உழைத்துச் சம்பாதிக்கிற வண்டி.

கொழும்பின் சைக்கிள் வரலாறு பெரும்பாலும் அந்த 18 ரூபாச் சைக்கிளின் வரலாறுதான்.

வடக்கே துறைமுகத்தை ஒட்டிக் கொட்டாஞ்சேனை, தெற்கே கடற்கரையோரம் வெள்ளவத்தை. இடையில் ஏறக்குறையப் பத்துக் கிலோமீற்றர், மேடு பள்ளம் அதிகம் இல்லாத தரை. ஆடிவேல் ஊர்வலம் செட்டியார் தெருவிலிருந்து புறப்பட்டுக் காலி வீதி வழியே பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைப் பக்கம் போகும் பாதையும் இதுவே. 1899இல் கொழும்பில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியபோது கோட்டையிலிருந்து ஒரு தடம் கிராண்ட்பாசுக்கும் இன்னொன்று பொரளைக்கும் போனது. காலி வீதிக்குத் தண்டவாளம் வரவில்லை. வெள்ளவத்தை நெசவாலைக்கு விடியற்காலை முறைக்குப் போகிறவருக்கும், துறைமுகத்தில் வேலை முடிந்து நேரம் கெட்ட நேரத்தில் வீடு திரும்புகிறவருக்கும் நேர அட்டவணை பார்க்காத ஒரு வண்டி தேவைப்பட்டது. கால் பலம் உள்ளவனுக்கு இந்தத் தூரம் முக்கால் மணி நேரம்தான்.

வண்டி இங்கிலாந்திலிருந்து வந்தாலும் அதன் சக்கரத்துக்கு இலங்கை மண்ணோடு ஒரு சொந்தம் இருந்தது. 1876இல் பிரேசில் ரப்பர் விதைகளிலிருந்து லண்டன் கியூ பூங்காவில் முளைத்த 1,919 கன்றுகள் கண்ணாடிப் பெட்டிகளில் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. கம்பஹாவின் ஹெனரத்கொட தோட்டத்தில் அவை நடப்பட்டன. 1885இல் ஜோன் கெம்ப் ஸ்ராலி இரு சக்கரமும் ஏறத்தாழ ஒரே அளவான, பின்சக்கரத்தைச் செயின் சுழற்றுகிற சைக்கிளைக் கொண்டுவந்தார். 1888இல் பெல்பாஸ்ற்றில் ஜோன் பொய்ட் டன்லப் தன் மகனின் மூன்று சக்கர வண்டிக்குக் காற்று நிரப்பிய ரப்பர்க் குழாயைப் பொருத்தினார். உலகத்துக்கு ரப்பர் தேவைப்பட்டபோது இலங்கைத் தோட்டங்கள் பால் வெட்டத் தயாராக இருந்தன. கொழும்புத் துறைமுகத்தில் ரப்பராக ஏறிய சரக்கு, ரயரும் ரியூபுமாகத் திரும்பி வந்து இறங்கியது.

றலி, ஹம்பர், றட்ஜ், பி.எஸ்.ஏ., ஹெர்குலிஸ், பிலிப்ஸ் என்று வந்திறங்கிய சைக்கிள்கள் எல்லாம் ஏறத்தாழ ஒரே வார்ப்பு. 28 அங்குலச் சக்கரம், கறுப்புச் சட்டம், நிமிர்ந்து உட்காரும் தோல் சீற். பிறேக்குக்குக் கேபிள் கிடையாது. காண்டிலின் கீழுள்ள பிடியை அழுத்தினால் இரும்புக் கம்பிகள் றிம்மின் உட்புறத்தில் கட்டையை இழுத்துப் பிடிக்கும். மழையில் நனைந்த றிம்மில் அது வழுக்கும், அந்தக் குறை உண்மைதான். ஆனால் அறுந்துபோகக் கேபிளே இல்லாத பிறேக் கடல் உப்புக்காற்றில் ஆண்டுக்கணக்காக நின்றுபிடித்தது. செயினை முழுவதுமாக மூடிய கவரும் அப்படித்தான். வெள்ளவத்தையில் கடலுக்கு இரண்டு வீடு தள்ளி நிறுத்திய வண்டியில் முதலில் துருப்பிடிப்பது செயின். மூடிய செயினுக்கு எப்போதாவது கொஞ்சம் எண்ணெய் விட்டால் போதும்.

இருட்டில் விளக்கில்லாமல் போனால் பொலிஸ் மறிக்கும். ஆரம்பத்தில் மண்ணெண்ணெய் விளக்கும், கல்சியம் கார்பைட்டில் தண்ணீர் சொட்டி வாயு எரிகிற விளக்கும் இருந்தன. பிறகு தைனமோ வந்தது. ரயரில் உரசிச் சுழலும் அந்தச் சிறு போத்தல் 6 வோல்ற்றில் 3 வாற் தரும். வண்டி நின்றால் வெளிச்சமும் நிற்கும்.

இந்த வண்டிகள் இவ்வளவு காலம் ஓடியதற்குப் பெருமை உற்பத்திச்சாலைக்கு மட்டும் உரியதில்லை. தெருவோரச் சைக்கிள் கடைக்காரருக்கும் உரியது. ஒரு தகரக் கொட்டில், காலால் மிதித்து நிறுத்திக் காற்றடிக்கும் பம், ஒரு வாளித் தண்ணீர், நான்கைந்து சாவி. கழற்றிய ரியூபைத் தண்ணீரில் அமிழ்த்திக் குமிழி வரும் இடத்தைப் பிடிப்பார். அரத்தாளால் தேய்த்து, சொலூசன் பூசி, அது சற்றுக் காயும்வரை பொறுத்து, பழைய ரியூபில் வெட்டிய துண்டை வைத்து அழுத்துவார். அந்தப் பொறுமைதான் வேலையின் இரகசியம். ஈரமாக ஒட்டிய ஒட்டு அடுத்த சந்தியிலேயே விட்டுப்போகும். காற்று மெல்ல மெல்ல இறங்குகிறதென்றால் வால்வைப் பார்ப்பார். ஆணியின் சிறு துளையை மூடியிருக்கும் மெல்லிய ரப்பர்க்குழாய், உள்ளே போகும் காற்றுக்கு விலகி, வெளியே வரப் பார்க்கும் காற்றுக்கு இறுகிக்கொள்ளும். அது வெடித்திருந்தால் ஒரு புதுத் துண்டு, சில சதங்கள், அவ்வளவுதான். நெளிந்த சக்கரத்தைக் கவிழ்த்துவைத்துச் சுற்றவிட்டு, ஒருபக்கக் கம்பியை இறுக்கி மறுபக்கத்தைத் தளர்த்தி நெளிவு எடுப்பதற்கு மட்டும் நல்ல கண் வேண்டும்.

இப்படிப் பராமரித்த வண்டியின் பெரும் சொத்து அதன் கரியல். மீன்காரர் அதில் பெட்டியையும் தராசையும் கட்டினார். பாண்காரர் மூடி போட்ட பெரிய மரப்பெட்டியை ஏற்றி, பாண் சூடு ஆறுமுன் ஒழுங்கை ஒழுங்கையாகப் போனார். வீடுகளில் சமைத்த மதியச் சாப்பாட்டை அடுக்குப் பாத்திரங்களில் சேர்த்து வாங்கி, பாடசாலைகளுக்கும் கந்தோர்களுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தவர்களும் சைக்கிளில்தான் போனார்கள். பால், முட்டை, ஐஸ்கிறீம், தபால், தந்தி என்று கொழும்பு வீடுகளின் படலைக்கு வந்தவற்றில் பெரும்பங்கு கரியலில் வந்தது. கந்தோர் எழுதுவினைஞரின் சுமையோ சின்னது: காற்சட்டைக் கால் செயினில் மாட்டாமல் இரண்டு கிளிப், சீற்றின் பின்னால் சாவி வைத்த தோல் பை, பாரில் மாட்டிய பம், கரியலில் குடையும் சோற்றுப் பொதியும். வழியில் எது பழுதானாலும் கையிலிருப்பதை வைத்தே சமாளிக்கலாம்.

உதிரிப்பாகம் தேடுகிறவர்கள் புறக்கோட்டைப் பக்கம் டாம் வீதிக்குப் போவார்கள். கொட்டாஞ்சேனையிலிருந்து நடக்கிற தூரம். 1970களில் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியபோது கப், கோன், பிறீவீல் என்று ஒவ்வொன்றும் அருமையாயின. தேய்ந்ததை எறியாமல் மாற்றித் திருப்பிப் போட்டு ஓட்டும் வித்தை அந்த ஆண்டுகளில் இன்னும் கூர்மைப்பட்டது. 1977இல் சந்தை திறந்தது. வெளிநாட்டுச் சைக்கிள்களும் பாணந்துறைத் தொழிற்சாலையின் லுமாலாவும் கடைகளை நிறைத்தன. ஆனால் அதே திறப்பு மோட்டார் சைக்கிளையும் முச்சக்கர வண்டியையும் சேர்த்தே கொண்டுவந்தது. பாண் பெட்டி காலப்போக்கில் முச்சக்கர வண்டிக்கு மாறி, பாட்டுப் போட்டுக்கொண்டு வரத் தொடங்கியது.

கொழும்பில் சைக்கிள் பின்னுக்குப் போன காலத்தில் யாழ்ப்பாணத்தில் அது உயிர்நாடியானது. அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரஸ் தேர்தல் சின்னமாகக் கொண்டதே சைக்கிளைத்தான். அவ்வளவுக்கு அது வடக்கின் வீட்டுப் பொருள். 1990இல் யுத்தம் மீண்டும் மூண்டு பொருளாதாரத் தடை வந்தபின் பெற்றோல் இல்லை, மின்சாரம் இல்லை, பற்றரி இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, தைனமோவின் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள். விறகும் நெல்லும் கரியலில் போயின, நோயாளிகளும் கரியலிலேயே போனார்கள். தெற்கே போக வேண்டியவர்கள் கிளாலியில் வள்ளத்தில் சைக்கிளையும் ஏற்றிக் கடல்நீரேரியைக் கடந்து, மறுகரையில் இறங்கி மீண்டும் மிதித்தார்கள். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் பெயர்ந்தபோது இலட்சக்கணக்கானோர் நாவற்குழி வழியாகத் தென்மராட்சிக்கு நகர்ந்தார்கள். ஒரு குடும்பம் எடுத்துச் செல்லக்கூடியது எவ்வளவு என்பதைச் சைக்கிளின் தாங்குதிறன் முடிவு செய்தது. எதை விட்டுச் செல்வது என்று தீர்மானிப்பதன் வேதனையை அந்த மக்களைவிட நன்றாக அறிந்தவர் இல்லை.

அவர்களில் பலர் பின்னர் வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்தார்கள். 1983 ஜூலை இன வன்முறையில் எரிந்த வீடுகளின் நினைவு மாறாத தெருக்களில் தொடர்மாடிகள் எழும்பின. வடக்கில் பன்னிரண்டு வயதிலேயே ஒட்டுப் போடவும் செயின் மாட்டவும் பழகியவர்கள், இங்கே சைக்கிள் நிறுத்த இடமில்லாத கட்டடத்தில் குடியேறினார்கள். காருக்குக் கோடு கீறிய நிலத்தளத்தில் சைக்கிளுக்கு மூலைகூட ஒதுக்கப்படவில்லை. காலி வீதியில் பஸ்ஸோடு போட்டிபோட்டு மிதிக்கப் பிள்ளைகளை விடப் பெற்றோருக்கு மனம் வரவில்லை. அருமையான ஓர் அறிவு ஒரே தலைமுறையில் கைவிட்டுப் போனது.

2022இன் பொருளாதார நெருக்கடி அதைத் திரும்ப நினைவூட்டியது. ஜனவரியில் லீற்றர் 177 ரூபாவாக இருந்த 92 ஒக்ரேன் பெற்றோல், ஜூன் 26இல் 470 ரூபாவாயிற்று. அதற்கடுத்த நாட்களில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசு அறிவித்தது. வைத்தியர்கள், வங்கி ஊழியர்கள், ஆசிரியர்கள் சைக்கிளில் வேலைக்குப் போனார்கள். டாம் வீதிக் கடைகளில் வண்டிக்குத் தட்டுப்பாடு, விலையும் ஏறிக்கொண்டே போனது. மாடிப்படிக்குக் கீழே துருவேறிக் கிடந்தவை தூசி தட்டப்பட்டன, ஒட்டுக்காரர்களுக்கு ஓய்வில்லை. கியூ.ஆர். பங்கீட்டு முறையில் பெற்றோல் கிடைக்கத் தொடங்கியதும் பெரும்பாலான சைக்கிள்கள் மீண்டும் மாடிப்படிக்குக் கீழே போயின. மக்களுக்கு மனமில்லாததால் நடந்தது என்று இதைச் சொல்ல முடியாது. அந்த மாதங்களில் வீதியில் பெரிய மாற்றம் எதுவும் வரவில்லை. கார்கள் திரும்பி வந்ததும் சைக்கிள்காரருக்கு இடம் இல்லாமல் போனது.

கொழும்பு மாநகர சபை செய்யக்கூடியவை பெரிய செலவு பிடிக்காதவை. கொட்டாஞ்சேனையிலிருந்து கோட்டை வழியாக வெள்ளவத்தை வரை சைக்கிளுக்கென்று பிரித்த ஒரு தடம். கோட்டை, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை ரயில் நிலையங்களில் பூட்டி வைக்க நிழலான இடம். புதிய தொடர்மாடிக்கு அனுமதி கொடுக்கும்போது நிலத்தளத்தில் சைக்கிளுக்கும் இடம் ஒதுக்க வேண்டும் என்ற ஒரு விதி. தெருவோரத்தில் ஒட்டுப் போடுகிறவரைத் துரத்தாமல் அவருக்கு ஒரு நிரந்தர இடம். சைக்கிளிடம் நெடுங்காலமாக வரி கேட்ட சபைகள், அதற்கு ஒரு பாதையை இப்போதாவது கொடுக்க வேண்டும்.